முகம் தெரியாமல் எடுக்கணும்

அடுத்தவர் கஷ்டத்தை எப்படிக் கேட்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். அதில் என் கஷ்டம் என்ன என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

இதற்கு முன்னால் வேலூரில் கல்யாண போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் சிரிங்க, கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லியே தொண்டை வற்றிப்போனது. பிறகு இதே ஊரில் ஒரு கல்லூரியில் 'மனித உரிமைக் கதைகள்' என்று ஒரு சான்றிதழ் படிப்பு ஆரம்பித்தார்கள். ஆட்களைப் பேட்டி எடுப்பது, படம் பிடிப்பது, எல்லாம் முடிந்ததும் ஒரு கண்காட்சி வைப்பது. கேமராவும் பிடிக்கத் தெரிய வேண்டும், வீட்டுக்குள் போய்ப் பெண்களிடம் பேசவும் தெரிய வேண்டும் என்று ஆள் தேடியதில் நான் அகப்பட்டேன். இப்போது எதிரே இருப்பவர் சிரித்துவிட்டால் படம் கெட்டுப்போச்சே என்று கவலைப்படும் பிள்ளைகளுக்கு நடுவில் என் பிழைப்பு ஓடுகிறது.

சக வாத்தியார்களே, சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளைகளைப் பற்றி நீங்கள் புலம்புவது என் காதிலும் விழுகிறது. உங்களுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. என் பிள்ளைகள் சொன்னதை அப்படியே செய்கிறவர்கள். அந்த அவஸ்தை என்னவென்று தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அனுமதி கேட்கணும்

முதல் நாள் பாடம் இது: யாரையும் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. படம் எதற்கு, எங்கே வைப்போம், யார் பார்ப்பார்கள், மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம் என்பதையெல்லாம் முழுசாகச் சொல்லிப் புரியவைத்த பிறகுதான் கேமராவைத் தூக்க வேண்டும். சொல்லிவிட்டுப் பயிற்சிக்கு லாங் பஜாருக்கு அழைத்துப் போனேன்.

சத்துவாச்சாரியிலிருந்து வரும் சந்தியா என் வகுப்பிலேயே கெட்டிக்காரி. கெட்டிக்காரர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அரிசி மூட்டை ஏற்றி வந்த ஒரு தள்ளுவண்டியைக் குறுக்கே போய் நிறுத்தி, நான் சொல்லிக்கொடுத்ததை முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். பின்னால் டூவீலர்கள் நின்றன. அதற்குப் பின்னால் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. வெங்காயக் கடைக்காரர் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார். சந்தியா எதற்கும் அசரவில்லை. "உங்க கண்ணியத்துக்கு எந்தக் குறைவும் வராம" என்ற இடத்தில் இருந்தாள்.

வண்டிக்காரர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்: "எடுத்தாலும் சரி, எடுக்காட்டியும் சரி, எனுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. நின்ன வண்டிய மறுபடி நகத்துறது இன்னா பேஜார்னு உனுக்குத் தெரியாது. வா, வந்து ஒரு கை குடு, தள்ளிக்கினே பேசலாம்."

கேட்டுவிட்டு சும்மா இரு

இரண்டாவது பாடம் மௌனம். கேள்வி கேட்டதும் அடுத்த கேள்விக்குத் தாவக் கூடாது. எதிரே இருப்பவர் யோசிக்கட்டும். நீ வாயை மூடிக்கொண்டு காத்திருந்தால் அவரே பேச ஆரம்பிப்பார். இது பேரணாம்பட்டுப் பையன் பிரபுவுக்காகவே எடுத்த பாடம். அவன் கேள்வியையும் கேட்டு, பதிலையும் அவனே சொல்லி, எதிரே இருப்பவரைத் தலையாட்ட மட்டும் வைப்பவன்.

ஆம்பூரில் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், வேலை செய்யும் ஒருவர் வீட்டுக்கு அவனை அனுப்பினேன். "உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்கண்ணே" என்று கேட்டிருக்கிறான். அவர் "வேலைதானே, போவுது" என்றிருக்கிறார். அவ்வளவுதான், பிரபு மௌனத்துக்குள் இறங்கிவிட்டான். அவர் ஃபேனைத் திருப்பி வைத்தார். பையன் பேசவில்லை. அவர் மனைவி டீ கொண்டுவந்தார். குடித்தான், பேசவில்லை. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் சின்ன வயசில் பட்ட அவமானங்களைச் சொல்லி, எல்லாம் சரியாகிவிடும் என்று தோளைத் தட்டிக்கொடுத்திருக்கிறார். ரெக்கார்டரை ஆன் செய்ய பிரபுவுக்குத் தோன்றவில்லை.

அப்புறம் அவரே எனக்கு போன் பண்ணினார்: "மேடம், இந்தத் தம்பிக்கு வீட்ல ஏதாச்சும் தகராறா? நானும் இன்னா இன்னாவோ சொல்லிப் பாக்கறேன், வாயே தொறக்க மாட்டேங்குது. தனியா பஸ் ஏத்தி விட எனுக்கு மனசு வரல."

பவுடர்

சந்தியாவுக்குக் கிடைத்தவர் கலா. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை. ஷூவின் மேல்பாகத்தை மிஷினில் தைப்பது. புருஷன் தவறிப்போய்விட்டார். பிளஸ் டூ படிக்கும் ஒரே மகள். இவர் சம்பளம் நின்றால் அந்த வீட்டில் அடுப்பும் நிற்கும், மகள் படிப்பும் நிற்கும். இதை அவர் அழுது சொல்லவில்லை. குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே சொன்னார்.

முதல் நாள் நானும் சந்தியாவும் போனபோது, படம் என்றதும் உள்ளே போய்ப் புடவை மாற்றி, பவுடர் போட்டு, பிரிட்ஜ் பக்கத்தில் வந்து நின்றார். சந்தியா காரை பெயர்ந்த சுவரைக் காட்டி அங்கே நிற்கச் சொன்னாள். "தவணை கட்டி வாங்கின பிரிட்ஜ் இருக்கறப்போ செவுத்த எதுக்குப் புடிக்கறே?" என்று கலா கேட்டார். எனக்குப் பிரிட்ஜ் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது.

மூன்றாவது முறை போனபோதுதான் டோக்கன் விஷயம் வந்தது. அவர் லைனுக்கு ஒரே ஒரு டோக்கன். அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பாத்ரூம் போக வேண்டும். போனவர் திரும்பி வந்து டோக்கனை வைத்தால்தான் அடுத்தவர் எழுந்திருக்கலாம். அந்த வம்பே வேண்டாம் என்று பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. கலாவுக்கு நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் படுத்து, டாக்டரிடம் போனால் தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்கிறாராம். இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சந்தியா எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

இதை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்பதில் கலா உறுதியாக இருந்தார். சொன்னது யார் என்று தெரிந்தால் அடுத்த நாள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அதற்குத்தான் எங்களிடம் மூன்றாவது பாடம் இருக்கிறதே: பேர் போட மாட்டோம், ஊர் போட மாட்டோம், முகம் தெரியாமல் எடுப்போம். நான் விளக்கி முடித்ததும் கலா சொன்னார்: "மூஞ்சி வராதா? இத மொத நாளே சொல்லியிருந்தா பவுடராவது மிச்சமாயிருக்கும் மேடம்."

இன்னொரு தரப்பு

ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு எழுதக் கூடாது என்பதும் என் பாடம்தான். அதனால் கலா பேரை எடுக்காமல், பொதுவாகத் தொழிற்சாலை பார்க்க வருகிறோம் என்று அனுமதி வாங்கி, அதே கம்பெனிக்குப் பிள்ளைகளோடு போனேன். மேனேஜர் தங்கமான மனிதர். குளுகுளு அறையில் உட்காரவைத்து, கம்பெனியைப் பற்றி ஒரு வீடியோ போட்டார். சந்தியா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பெண் தொழிலாளர்களுக்குக் கழிப்பறை வசதி..." என்று ஆரம்பித்தாள். அவர் முகம் மலர்ந்து எழுந்து, எங்களை அழைத்துப் போய்க் கழிப்பறையையே காட்டினார். புது டைல்ஸ் பளபளத்தது. உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை.

அதற்குப் பிறகு பிரியாணி வந்தது. ஆம்பூரில் பிரியாணி போட்டவரிடம், எண்ணெய்க் கத்திரிக்காயை இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டே டோக்கனைப் பற்றிக் கேட்கும் நெஞ்சுரம் உங்களுக்கு இருந்தால் எனக்கு எழுதுங்கள். எனக்கும் இல்லை, என் பிள்ளைகளுக்கும் இல்லை. கிளம்பும்போது எல்லோரையும் வாசலில் நிற்கவைத்து மேனேஜர் தன் போனில் ஒரு படம் எடுத்தார். பஸ் வேலூர் வந்து சேர்வதற்குள் அது அவர் ஸ்டேட்டஸில் இருந்தது. கீழே 'எங்கள் தொழிலாளர் நலனைப் பாராட்டி மனித உரிமை மாணவர்கள்' என்று எழுதியிருந்தது.

பிரபு அதை என்னிடம் காட்டி, நிஜமான வருத்தத்தோடு சொன்னான்: "மேடம், அவரு நம்மகிட்ட அனுமதியே கேக்கலியே."

அழகான படம்

கலாவை சந்தியா எடுத்த படத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வீட்டில் ஜன்னலோரம் ஒரு பழைய தையல் மிஷின். அதில் கலா உட்கார்ந்து ரவிக்கை தைக்கிறார். சந்தியா பின்னால் நின்று எடுத்திருந்தாள். முகம் துளியும் இல்லை. குனிந்த முதுகு, ஒரு பக்கம் இறங்கிய தோள், மடித்துக் கிளிப் போட்ட பின்னல், அதன்மேல் ஜன்னல் வெளிச்சம். எத்தனையோ மணப்பெண்களை முன்னால் நின்று எடுத்தவள் நான், இப்படி ஒரு படம் எடுத்ததில்லை. வகுப்பில் எல்லோரும் கை தட்டினோம். முகத்தை மறைப்பது எப்படி என்பதற்கு இனி இதைத்தான் உதாரணம் காட்டப்போகிறேன் என்று நானே வாய்விட்டுச் சொன்னேன்.

கண்காட்சிக்குப் படங்களை அடுக்கி அச்சுக்குக் கொடுக்கும் பொறுப்பு பிரபுவுடையது. அந்தப் படத்தைப் போனில் வைத்து வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் அம்மாவும் ஷூ கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார். எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று அவனும் அம்மாவிடம் கேட்டதில்லை, நாங்களும் அவனிடம் கேட்டதில்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்க வந்தவர் போனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "இன்னாடா இது, கலா முதுகு உன் போன்ல இன்னா பண்ணுது?"

மறைக்க மறந்த பக்கம்

விஷயம் இதுதான். தையல் லைனில் மிஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். ஒவ்வொருவரும் முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்தபடிதான் நாள் பூராவும் உட்கார்ந்திருப்பார்கள். முகம் பார்ப்பது சாப்பாட்டு நேரத்தில் மட்டும். யாருக்கு எந்தத் தோள் இறங்கியிருக்கிறது, யார் எப்படிக் கிளிப் போடுவார்கள் என்பது லைன் பூராவுக்கும் அத்துப்படி. பின்னாலேயே நடந்துகொண்டிருக்கும் சூப்பர்வைசருக்கு அதைவிட நன்றாகத் தெரியும். பிரபுவின் அம்மா கலாவுக்கு நேர் பின்மிஷின். நாங்கள் கலாவின் முகத்தை ஜாக்கிரதையாக மறைத்துவிட்டு, கம்பெனி அவரை எந்தப் பக்கத்தால் அடையாளம் தெரிந்துவைத்திருக்கிறதோ அந்தப் பக்கத்தைப் பெரிதுபடுத்தி அச்சடிக்க இருந்தோம்.

படமும் வேண்டாம், கதையும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். பிரபு ஒரு யோசனை சொன்னான்: அவன் அக்காவை மிஷினில் உட்காரவைத்து எடுத்து, கலா படத்துக்குப் பதிலாகப் போட்டுவிடலாமாம். கல்யாண ஆல்பத்தில் அந்த வேலையெல்லாம் நான் செய்திருக்கிறேன், இங்கே செய்ய முடியாது என்று திட்டினேன். சந்தியாவை அழைத்துக்கொண்டு கலா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தியா அழ ஆரம்பித்துவிட்டாள். கலா அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு, ஞாயிற்றுக்கிழமை வாங்க என்றார். போனோம். கலாவையும் சேர்த்து அவர் லைன் பெண்கள் எட்டுப் பேரும் இருந்தார்கள். தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, கம்பெனியில் உட்காரும் அதே வரிசையில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக அனுமதி கேட்டார்கள், தனித்தனியாகப் பேட்டி எடுத்தார்கள். எட்டுப் பேரும் டோக்கனைப் பற்றிச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் சந்தியா பின்னால் போய் நின்று கேமராவைத் தூக்கினாள்.

இது ஆபத்தில்லையா என்று கலாவிடம் மறுபடியும் கேட்டேன். அவர் சொன்னார்: "ஒருத்தின்னா கேட்டுக்கு வெளிய நிறுத்துவாங்க மேடம். லைன் மொத்தத்தையும் நிறுத்திட்டா ஷிப்மென்ட்ட யாரு, மேனேஜரா உக்காந்து தைப்பாரு?"

வீட்டிலேயே ஒரு பேட்டி

அந்த எட்டுப் பேரில் ஒருவர் பிரபுவின் அம்மா. அவரைப் பேட்டி எடுக்கும் முறை பிரபுவுக்கு வந்தது. மற்றவர்களிடம் கேட்ட அதே கேள்விகளைத்தான் கேட்டான். வேலைக்குப் போகும் நாளில் தண்ணீர் குடிப்பீர்களா, உடம்புக்கு என்ன பண்ணுகிறது, வீட்டில் யாரிடமாவது சொன்னதுண்டா. கடைசிக் கேள்வியில் அவனுக்குக் குரல் இறங்கிவிட்டது. அதற்குமேல் அவன் பேசவில்லை, அது நான் சொல்லிக்கொடுத்த மௌனமும் இல்லை.

அவர் மகனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஊரு ஊராப் போயி எல்லார்கிட்டயும் கேட்டுட்டு வந்தியே, இன்னிக்குத்தான் எங்கிட்ட வந்தே. கையில அந்த ரெக்கார்டர் இருந்தாத்தான் கேப்பியா?"

சிறப்பு விருந்தினர்

கண்காட்சி கல்லூரி அரங்கத்தில். விழா என்றால் சிறப்பு விருந்தினர் வேண்டும், சிறப்பு விருந்தினர் என்றால் நாளைக்கு நன்கொடைக்கும் ஆகும் ஆளாக இருக்க வேண்டும் என்பது எந்தக் கல்லூரியிலும் உள்ள வழக்கம். என்னைக் கேட்காமல் அழைத்துவிட்டார்கள். வாசலில் கட்டிய பேனரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எங்களுக்குப் பிரியாணி போட்ட அதே மேனேஜர்.

ரிப்பன் வெட்டி உள்ளே வந்தவர், படம் படமாகப் பாராட்டிக்கொண்டே வந்து எட்டு முதுகுகளுக்கு முன்னால் நின்றார். கீழே எழுதியிருந்த டோக்கன் கதையைப் படித்தார். கம்பெனி பேர் இல்லை, ஊர்ப் பேர் இல்லை. ஆனாலும் அவர் காது மடல் சிவந்தது. "இதுல பேசினது யாரும்மா?" என்று மெதுவாகக் கேட்டார். சந்தியா துளியும் தயங்காமல், "எட்டு பேருமே சார்" என்றாள். அவர் அந்த வரிசையை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தார். கோபப்படுவதா சிரிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டும் இல்லாமல், என் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னார்: "போட்டோ ரொம்ப நல்லாருக்கு மேடம். கீழ இருக்கற எழுத்த மட்டும் எடுத்துட்டு ஒரு காப்பி குடுங்க, எங்க ரிசப்ஷன்ல மாட்டிடலாம்."

அம்மா எது

கண்காட்சியின் கடைசி நாள் கலா மகளோடு வந்தார். அதுவரை எட்டுப் பேரில் ஒருவரையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. லைனுக்கு டோக்கன் மட்டும் ஒன்றிலிருந்து இரண்டாகியிருந்தது. ஏன் என்று கம்பெனியும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. கலா இந்த முறையும் பவுடர் போட்டிருந்தார். படத்துக்கு முன்னால் மகளை நிறுத்தி, "இதுல அம்மா எதுன்னு சொல்லு பாக்கலாம்" என்றார்.

அந்தப் பெண் கிட்டத்தில் போய்ப் பார்த்து ஒருவரைக் காட்டினாள். அது பிரபுவின் அம்மா. "நல்லாப் பாரு" என்றார் கலா. இன்னொருவரைக் காட்டினாள். அதுவும் இல்லை. கலாவுக்கு ஒரே சந்தோஷம். எத்தனை நாள் பயத்தைச் சுமந்துகொண்டிருந்தாரோ, அதெல்லாம் இறங்கின மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்த பொண்ணுக்கே தெரில மேடம், லைனுக்கு வெளிய வேற எவனுக்குத் தெரியப்போவுது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சந்தியாவும் பிரபுவும் சிரித்தார்கள்.

மகள் சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "நீ கம்பெனி வேன் ஏறக் கெளம்பறப்போ நான் தூங்கிக்கினு இருப்பேன், திரும்பி வர்றப்போ மூஞ்சிதான் தெரியும். உன் முதுக நான் எப்போம்மா பாத்தேன்?"

பெற்ற மகளே கண்டுபிடிக்க முடியாதபடி ஒருவரைப் படம் எடுக்கும் பாடத்தில் என் வகுப்பு முதல் தரத்தில் தேறிவிட்டது. அதற்காக அந்தப் பெண்ணிடம் என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்ற பாடத்தைத்தான் எனக்கு யாரும் எடுக்கவில்லை.